எழுதி வைத்த நேரமே நமது நேரம்

சைக்கிள் ஏறித் தூரத்தை வென்ற புதுக்கோட்டைப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று வெல்ல வேண்டியிருப்பது காலத்தை. அதற்குக் கைப்பேசியிலுள்ள நாட்காட்டி எவ்வளவு தூரம் துணை நிற்கும்?

1991ஆம் ஆண்டு வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வேரூன்றியபோது, எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு திருப்தியடையாமல், கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அது தன் காரியங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது என்பதும், அந்நாளில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அம்முயற்சிக்கு உறுதுணையாக நின்று, பெண்கள் சைக்கிள் வாங்குவதற்குக் கடன் வசதியும் கிடைக்கச் செய்தார் என்பதும் இந்த ஜில்லாவின் சமீப காலச் சரித்திரத்தில் தனிச் சிறப்போடு சொல்லத்தக்கவை. அக்காலத்தில் இங்கே சுற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் மிகக் குறுகிய காலத்தில் சைக்கிள் கற்றதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கி, அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார்த்திக்கொண்டு வேலைக்குப் போன தாய்மார்களின் தோற்றம் அவர் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது.

அந்தச் சைக்கிள் தூரத்தைக் குறைத்தது என்று பொதுவாகச் சொல்லுவார்கள். உண்மையில் அது பெண்களுக்குத் திருப்பிக் கொடுத்தது காலத்தை. பேருந்துக்குக் காத்து நின்ற பொழுதும், தண்ணீர்க் குடத்தைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்து நடந்த பொழுதும், காய்கறியும் பூவும் விற்றுவர மற்றொருவர் துணையை எதிர்பார்த்து வீட்டிலிருந்த பொழுதும் அவர்கள் கைக்கு வந்தன. தம் நேரத்தின் மீது தமக்கே ஓர் அதிகாரம் உண்டு என்ற உணர்ச்சியை இந்த மாவட்டத்துப் பெண்கள் பலர் முதன்முதலாக அடைந்தது அந்தச் சக்கரங்களின் மேல்தான்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது; மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. வழியும் திறந்தது, வழிச்செலவும் ஓரளவு தீர்ந்தது. எஞ்சி நிற்கும் தடை, கண்ணுக்குப் புலப்படாததும் எவரும் புகாராக எழுதிக்கொடுக்க முடியாததுமான நேரத்தடை ஒன்றே. ஆகையால்தான், கைப்பேசியில் இனாமாகக் கிடக்கும் டிஜிட்டல் நாட்காட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது இப்போது அவசியமாகிறது.

நாளுக்குப் பங்காளிகள் பலர்

கீரமங்கலம் வட்டாரத்தில் ஒரு மாணவியின் நாள் எப்படி விடிகிறது என்று பார்ப்போம். மல்லிகையும் முல்லையும் வெயில் ஏறுமுன் பறிக்கப்பட வேண்டியவை. மலர்ந்த பூவுக்குக் கமிஷன் கடையில் விலை இல்லை. ஆகவே இருள் பிரியும் முன்பே தோட்டத்தில் தாயோடு நிற்க வேண்டும். பின்னர் பால் கறந்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு, இந்தப் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்துக்கு முதல் வகுப்பே போய்விடும் என்ற அச்சத்தோடு ரோட்டுக்கு ஓட வேண்டும். மாலையில் வீடு திரும்பினால் மாட்டுக்குத் தீவனம், நூறு நாள் வேலைக்குப் போய்க் களைத்து வந்த அம்மாவுக்கு ஒத்தாசை, தம்பிக்கு வீட்டுப்பாடம். படிப்பு என்பது இவையெல்லாம் முடிந்த பிறகு, கண் சொருகும் வேளையில், மிச்சமாகக் கிடைக்கும் ஒன்றாகிவிடுகிறது.

கடற்கரைப் பக்கத்திலோ கணக்கே வேறு. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போகும். படகு கரை சேரும் நாளில் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துறைமுகத்தில் வேலை இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்றுபோகும் அந்த நாட்களில்தான் செமஸ்டர் தேர்வும் அடுத்த ஆண்டுக் கட்டணமும் சேர்ந்து வந்து நிற்கும். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கும், ஆலங்குடிப் பக்கம் பலாப்பழப் பருவத்தில் தகப்பனோடு சந்தைக்குப் போகும் பையனுக்கும் இவ்வாறே தத்தம் பஞ்சாங்கம் ஒன்று உண்டு.

இந்த வேலைகளில் ஒன்றையும் நான் குறைவாக மதிக்கவில்லை. குடும்பம் அவற்றால்தான் நடக்கிறது. பிள்ளைகள் அவற்றில் பங்கேற்பது தர்மமேயாகும். ஆனால் பூப்பறிப்புக்கு நேரம் உண்டு, பேருந்துக்கு நேரம் உண்டு, படகுக்கு நாள் உண்டு. படிப்புக்கு மட்டும் நேரம் குறிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவருடைய நேரம் எழுதப்படாமல் கிடக்கிறதோ, அவருடைய நேரத்தை மற்றவர்கள், கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமலே, எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். "சும்மாதானே இருக்கே, இதைச் செஞ்சு குடு தாயி" என்று பாசத்தோடு கேட்கும் பாட்டிக்கு, அந்தப் பெண் சும்மா இல்லை என்பது தெரிவதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். நாட்காட்டி முதலாவதாகச் செய்யும் உபகாரம் அந்த அத்தாட்சியைத் தருவதுதான்.

சுவரிலிருந்து சட்டைப்பைக்கு

நாட்காட்டி நமக்குப் புதிய வஸ்து அன்று. சிவகாசியில் அச்சாகி வரும் தினசரி காலண்டர் தொங்காத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். தாளைக் கிழித்தவுடன் நல்ல நேரமும் ராகு காலமும் சூலமும் பார்த்து, முகூர்த்த நாளா கரி நாளா என்று அறிந்து, அதன்படி காரியத்தை அமைத்துக்கொள்ளும் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது. பொழுதை அறுபது நாழிகையாகவும், நாழிகையை இருபத்துநான்கு நிமிஷமாகவும் பகுத்து வாழ்ந்த சமூகத்துக்கு, நேரம் பார்த்து நடக்க எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும் சுவரில் தொங்கும் காலண்டர் ஊருக்கெல்லாம் பொதுவான நாளைச் சொல்லுகிறது. அதில் ஒரு தனி மாணவியின் நாளுக்கு இடமில்லை. 1998இல் ஐகேலண்டர் என்ற பொது இலக்கணம் வகுக்கப்பட்ட பிறகு, ஒரு கம்பெனியின் நாட்காட்டியில் எழுதியதை வேறொரு கம்பெனியின் நாட்காட்டியும் படித்துக்கொள்ள வழி பிறந்தது. 2006 ஏப்ரலில் கூகுள் காலண்டர் வெளிவந்தது. இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது முன்னதாகவே இருக்கிறது; காசு கேட்பதில்லை; ஒருமுறை எழுதிவிட்டால், சிக்னல் கிடைக்காத ஊரிலும் திறந்து பார்க்க முடிகிறது; போன் கெட்டுப்போனாலும் அதே கணக்கில் வேறு போனில் நுழைந்தால் எழுதியவை திரும்பக் கிடைக்கின்றன. இவ்வளவு சாதகங்கள் இருந்தும், நம் மாணவர்களில் பலர் அதைத் தேதி பார்ப்பதற்கு மட்டுமே திறக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

டே ஆர்டர் என்னும் சிக்கல்

அவர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்தாததற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. டிஜிட்டல் நாட்காட்டியைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளெல்லாம், திங்கட்கிழமை வகுப்பு எந்நாளும் திங்கட்கிழமையே வரும் என்று கொண்டு சொல்லப்பட்டவை. நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் நடப்பதோ டே ஆர்டர். பாடவேளை அட்டவணைக்கு ஆறு நாள். கல்லூரி நடப்பதோ பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு வாரத்தின் திங்கள் முதல் டே ஆர்டராக இருந்தால் வெள்ளி ஐந்தாவதாகும். அடுத்த திங்கள் ஆறாவது. செவ்வாய் மறுபடியும் முதலாவது. நடுவில் ஒரு விடுமுறை விழுந்தால், அன்றைய டே ஆர்டர் மறுநாளுக்கு நகர்ந்து, அதன் பின்னுள்ளவையும் வரிசையாக நகரும். காலைப் பேருந்தில் "இன்னிக்கு டே ஆர்டர் எத்தனைடி?" என்று ஒருத்தி கேட்பதும், மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதும் வழக்கமான சம்பாஷணை.

இம்மாவட்டத்தில் விடுமுறைகளுக்கும் குறைவில்லை. நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்து, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவது உண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் விடியற்காலையில் வரும் மழை விடுமுறை வேறு. இத்தனைக்கும் நடுவே, 'வாரந்தோறும்' என்ற கட்டளையைக் கொடுத்து வகுப்புகளைப் பதிந்தவர், இரண்டாம் வாரத்திலேயே குழம்பிப்போய் நாட்காட்டியைக் கைவிட்டுவிடுவது ஆச்சரியமில்லை.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. செமஸ்டர் தொடக்கத்தில், டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை ஆறு பதிவுகளை 'நாள் முழுவதும்' என்ற வகையில் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பதிவின் குறிப்புப் பகுதியிலும் அன்றைய ஐந்து பாடவேளைகளையும், பாடத்தையும், அறை எண்ணையும், அன்று தவறாமல் கொண்டுபோக வேண்டிய ரெக்கார்டு நோட்டையும் எழுதிவிட வேண்டும். பின்பு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரும் வாரத்துக்குரியவற்றை நகலெடுத்து அந்தந்தத் தேதியில் வைத்தால் போதும். ஐந்து பதிவு, சில நிமிஷ வேலை. மழை விடுமுறை வந்தால், வாரத்தில் எஞ்சியிருக்கும் நாலைந்து பதிவுகளை மட்டும் அடுத்த வேலை நாளுக்கு நகர்த்தினால் தீர்ந்தது. டே ஆர்டரோடு சம்பந்தப்படாதவை, உதாரணமாக டைப்ரைட்டிங் வகுப்பு, சனிக்கிழமை என்.எஸ்.எஸ்., வாரந்தோறும் ஒரே கிழமையில் வருபவை. அவற்றுக்கு மட்டும் 'வாரந்தோறும்' என்று கொடுத்து, செமஸ்டர் முடியும் தேதியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருநாள் வகுப்பு மாறினால், 'இந்த நிகழ்வு மட்டும்' என்பதைத் தேர்ந்து அந்த ஒன்றை மாற்றலாம், மற்றவை குலையா.

முறைநீர் போலப் பங்கிடுதல்

வற்றாத ஆறில்லாத இந்த மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் குளங்களையும் நம்பிப் பயிர் செய்தது. தண்ணீர் ஏராளமாக நிற்கும் மார்கழியில் மடையை எவரும் கவனிப்பதில்லை. மாசியில் மட்டம் இறங்கியவுடன் ஊர் கூடி முறை வைக்கும். இன்ன வயலுக்கு இத்தனை நேரம் என்று வகுத்தபின், நீர்பாய்ச்சி அந்த முறைப்படியே மடை திறப்பார். பெரிய மனிதரின் வயல் என்று அதிகம் விடுவதும், கடைமடை என்று காயவிடுவதும் முறைகேடு. நேரம் குறைவாக உள்ள மாணவருக்கும் இதுவே நீதி. முறையில் எழுதப்படாத வயலுக்குத் தண்ணீர் சேராது. கடைமடையாகக் கிடக்கும் பாடம் எதுவோ, அதற்கே முதல் முறை எழுத வேண்டும்.

ஆகவே நாட்காட்டியில் முதலில் எழுத வேண்டியவை அசைக்க முடியாதவை: பேருந்து, வகுப்பு, வீட்டு வேலை. அவற்றை எழுதியபின் எஞ்சும் வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரியும். இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை ஒன்று, காலைப் பேருந்தில் முக்கால் மணி ஒன்று, நண்பகல் நூலகத்தில் அரை மணி ஒன்று என்று அவை சிறியவையாகத்தான் இருக்கும். அவற்றில் 'படிப்பு' என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. 'அலகு 2, ஐந்து மதிப்பெண் வினாக்கள், நூலகம்' என்று என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றையும் எழுத வேண்டும். இவ்வாறு இடமும் வேளையும் குறித்துச் செய்யும் சங்கற்பத்துக்கு, வெறும் ஆசையைவிட நிறைவேறும் வாய்ப்பு மிகுதி என்பதை ஜெர்மானிய உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் தம் ஆராய்ச்சிகளால் காட்டி, 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

வேறொரு ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ், தம்மையே சோதனைப் பொருளாக்கி அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து, 1885இல் வெளியிட்ட நூலில், படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்பதையும், ஒரேயடியாகப் படிப்பதைவிடப் பல நாட்களுக்குப் பகிர்ந்து படிப்பது நிலைக்கிறது என்பதையும் நிரூபித்தார். ஆகையால் ஒரு பாடத்தைப் படித்து முடித்தவுடனேயே, மறுநாள் ஒன்று, நான்காம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று என்று மூன்று சிறு பதிவுகளை, பத்து நிமிஷ அளவில், முன்கூட்டியே எழுதிவிடுவது நலம். இந்தக் கணக்கை மனித ஞாபகத்தால் சுமக்க முடியாது. எந்திரம் சலிப்பில்லாமல் சுமக்கும்.

தேதியால் வரும் நஷ்டம்

கிராமத்து மாணவர்கள் மதிப்பெண்ணால் இழப்பதைவிடத் தேதியால் இழப்பது அதிகமோ என்று ஐயுற இடமிருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். அது ஓராண்டுதான் செல்லும். இ-சேவை மையத்தில் மனுச் செய்தபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறி வருவதற்கு நாள் பிடிக்கும். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கும் இதே கதி. பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு தேதி, அபராதத்தோடு கட்ட ஒரு தேதி, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி. சர்வர் திணற, கடைசி நாளில் மையத்தின் வாசலில் நின்று கலங்கிய பிள்ளைகளைக் காணாதவர் யார்?

கடைசித் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறிப்பது போதாது. காரியத்துக்கு எவ்வளவு நாளாகும் என்பதை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்ற உண்மையை 1979இல் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் எடுத்துக்காட்டினர். ஆதலால் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒரு மாதத்துக்கு முன் 'மனுச் செய்ய', இரண்டு வாரத்துக்கு முன் 'நிலை என்ன என்று பார்க்க', ஒரு வாரத்துக்கு முன் 'பதிவேற்ற' என்று மூன்று படிகளையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நினைவூட்டல்: முந்தின நாள் மாலை ஒன்று, உரிய வேளையில் ஒன்று. மாலை நினைவூட்டல், மறுநாள் எடுத்துப்போக வேண்டிய ரேஷன் கார்டையும் போட்டோவையும் பையில் வைக்க அவகாசம் தரும்.

மிதமே நிலைக்கும்

இவ்வளவும் சொன்னபின், ஓர் எச்சரிக்கையும் கடமையாகிறது. ஐந்து மணி முதல் பத்து மணி வரை ஒரு நிமிஷமும் விடாமல் நிரப்பிய நாட்காட்டி, முதல் இடையூறிலேயே உடைந்து, மாணவருக்குக் குற்ற உணர்ச்சியை மட்டும் விட்டுச்செல்லும். தோழியோடு பேசுவதற்கும், கோயில் திருவிழாவுக்கும், வாடிவாசல் பார்க்கப் போவதற்கும், சும்மா இருப்பதற்கும் இடம் விட்டே எழுத வேண்டும். நாலைந்து வண்ணங்களுக்கு மேல் வேண்டாம். கல்லூரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, மனுக்களுக்கு ஒன்று என்றால் போதும். நாட்காட்டி பார்க்கத் திறந்த கை வீடியோவுக்குத் தாவுவது இயல்பு. ஆகவே முகப்புத் திரையிலேயே அன்றைய நாள் தெரியும்படி விட்ஜெட் வைத்துக்கொண்டு, மற்ற ஓசைகளைப் படிப்பு வேளையில் அடக்கிவிடுவது நல்லது. வீட்டுக்கு ஒரே போன் என்றால், ஞாயிறு மாலையில் அந்த வாரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டலாம். ஒழுங்கு முக்கியமே தவிர, கருவி முக்கியமன்று.

கல்லூரிக்கும் வீட்டுக்கும் ஒரு விண்ணப்பம்

1880இல் கல்லூரியாக உயர்ந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், எதிர்ப்புகளுக்கிடையே மகாராஜாவின் அனுமதியோடு முதல் மாணவியாகச் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக நாடறிய உயர்ந்தார். பருவமடைந்த பெண் பள்ளிக்குப் போகலாகாது என்ற அக்கால வழக்கத்தால், மெட்ரிகுலேஷனுக்கு அவர் வீட்டிலிருந்தபடியே படிக்க நேர்ந்தது. அந்த வீட்டில் அவருடைய படிப்புக்கென்று ஒரு வேளை மதித்து ஒதுக்கப்பட்டிருக்கத்தான் வேண்டும். கல்லூரிக் கதவைத் திறக்க ராஜாங்கத்தின் ஆணை போதுமாயிருந்தது. வீட்டிலே ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருவதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. இன்றைக்கும் இவ்விரண்டில் பின்னதே அரிது.

ஆகையால் கல்லூரிகளை வேண்டிக்கொள்வது இது: டே ஆர்டர் வரிசையையும், இன்டர்னல் தேர்வுத் தேதிகளையும், கட்டணக் கெடுக்களையும் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் படமாகவும் வெளியிடுவதோடு நிற்காமல், ஒரு பொது நாட்காட்டியாக அமைத்து மாணவர்கள் தம் போனில் இணைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். துறைக்கு ஒரு ஆசிரியர் பொறுப்பேற்றால் போதும்; மழை விடுமுறையன்று அவர் ஒருமுறை திருத்தினால் இணைந்த போன்களிலெல்லாம் அது திருந்தும். முதலாமாண்டு மாணவர்களின் அறிமுக வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதைக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

பெற்றோர்களை வேண்டிக்கொள்வது இன்னும் எளியது. உங்கள் மகள் இரவு எட்டரை முதல் ஒன்பதரை என்று எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு மணியைப் பேருந்து நேரம்போல் மாற்ற முடியாததாகக் கருதுங்கள். அவளுடைய நாட்காட்டியைக் காட்டச் சொல்லி, உங்கள் பூப்பறிப்பையும் படகு நாளையும் விசேஷ நாளையும் அதிலேயே அவள் எழுதும்படி கேளுங்கள். உங்கள் வேலைக்கு அவள் கொடுக்கும் மரியாதையை, அவள் வேலைக்கு நீங்களும் கொடுங்கள். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. நேரம் கிடைக்கும்போது படிப்போம் என்று காத்திருப்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. எழுதி வைத்தவருக்கே அது சொந்தமாகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்குங்கள். உங்களுக்கு மிகக் கடினமான பாடத்தின் பெயரை முதலாவதாக எழுதுங்கள்.